அடிபடாத வண்டி

என் கணவன் டாரலோடு எங்கேயாவது போனால் கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி உள்ளே போவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்பான். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடுக்கு மேலே ஒரு அகலம், கீழே ஒரு அகலம் இருந்தால் போதும், யாரோ நம்மை ஏமாற்றிவிட்டதுபோல உச்சுக்கொட்டுவான். ஆஸ்திரேலியாவில், அடிலெய்டுக்கு வடக்கே, எங்கள் பேட்டையில் இருந்த கார் தொழிற்சாலையில் அவனுக்கு அதுதான் வேலை. முடிந்த வண்டி வரிசையின் கடைசிக்கு வரும்போது கட்டைவிரலால் இடுக்கைத் தடவிப் பார்த்து, சரி என்றால் போகவிடுவான். கருவியெல்லாம் கொடுத்திருந்தார்கள். அவன் கருவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு விரலால் சொல்வான், பிறகு கருவி வைத்துப் பார்த்தால் விரல் சொன்னதுதான் வரும்.

அப்புறம் தொழிற்சாலையை மூடினார்கள். ஊரே சேர்ந்து அழுதது, பிறகு ஊர் எழுந்து வேறு வேலை தேடிப் போனது. டாரல் எழுந்திருக்கவில்லை. கிடங்கில் வேலை கிடைத்தது, விட்டான். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினான், விட்டான். பிறகு படுக்கையை விட்டு எழுவதையே விட்டான். நான் முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கப் படுக்கையில் கிடப்பவர்களின் விரிப்புகளைத் துவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் ஒருவன் படுத்திருப்பான். எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. ராத்திரியில் அவன் மூச்சு விடுகிறானா என்று கை வைத்துப் பார்க்கவும் செய்தேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த பயம் பணத்தைப் பற்றியது இல்லை.

அவனை எழுப்பியது நானோ, டாக்டர் கொடுத்த மாத்திரையோ இல்லை, ஒரு இரும்புக் கம்பி. எங்கள் தொழிற்சாலை கடைசிக் காலத்தில் செய்த எட்டு சிலிண்டர் வண்டிகளை இன்னும் பிள்ளைபோல வளர்க்கிறவர்கள் இங்கே நிறைய. வளைவில் வேகமாகத் திருப்பினால் முன்பக்கம் லேசாக நெளிகிறது என்பது அவர்களுடைய நிரந்தரப் புலம்பல். பானெட்டைத் திறந்தால் இடமும் வலமும் ஒவ்வொரு மேடு தெரியும், முன்சக்கரத்தின் அதிர்ச்சியெல்லாம் அங்கே வந்துதான் முட்டும். அந்த இரண்டு மேட்டையும் என்ஜினுக்கு மேலே ஒரு குறுக்குக்கம்பியால் கட்டிவிட்டால் நெளிவு போகும். வெளிநாட்டிலிருந்து வரும் கம்பிகளில் போல்ட் துளையை நீளமாக வெட்டியிருப்பார்கள், முன்னே பின்னே தள்ளி எப்படியாவது மாட்டிக்கொள்ளலாம். அதில் ஒன்றை என் தம்பி ராஸ் வீட்டுக்கு எடுத்துவந்து காட்டினான்.

டாரல் படுத்தபடியே அதைக் கையில் வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதென்னடா துளையா, தபால் பெட்டி வாயா?" என்றான்.

"எல்லா வண்டிக்கும் பொருந்தணும்ல மச்சான்."

"எல்லாத்துக்கும் பொருந்துதுன்னா எதுக்கும் பொருந்தலன்னு அர்த்தம். வட்டத் துளை போடணும். கம்பிய வச்சா சொத்துன்னு உக்காரணும், கையால நட்டு போடணும். அப்பதான் அது இழுத்துப் பிடிக்கும்."

"போட்டுக் காட்டேன்."

எழுந்து சட்டை போட்டுக்கொண்டான். என் தம்பி ஒரு வாயாடி, சோம்பேறி, போன இடத்திலெல்லாம் பியருக்குக் கணக்கு வைப்பவன். ஆனாலும் அன்றைக்கு அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம்போல இருந்தது.

வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையைப் பட்டறை ஆக்கினார்கள். ராஸ் குழாய் வெட்டினான், டாரல் பற்றவைத்தான். கம்பிகள் ஒன்றுபோல வரவேண்டுமானால் முதலில் ஒரு அச்சு வேண்டும். கனமான இரும்புச் சட்டத்தில், வண்டியின் போல்ட்டுகள் எங்கே இருக்கின்றனவோ அங்கேயே ஆணிகள் வைத்த அச்சு. அதில் மாட்டிப் பற்றவைத்தால் எத்தனை கம்பி செய்தாலும் அளவு மாறாது. அந்த அச்சை எந்த வண்டியிலிருந்து எடுப்பது என்பதில் டாரலுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் வண்டி வாசலில் நின்றது.

அந்த வண்டிக்கு ஒரு ஜாதகம் உண்டு. ராஸும் அதே தொழிற்சாலைதான். வேலைக்காரர்களுக்கான சலுகை விலையில் புதுசாக வாங்கினான். அது வரிசையின் கடைசிக்கு வந்த அன்றைக்கு டாரல்தான் பணியில் இருந்தான். மச்சினனின் வண்டி என்று கூடுதலாகத் தடவிப் பார்த்து, "இது மாதிரி ஒண்ணு இந்த வருஷம் போனதில்ல" என்று சொல்லி அனுப்பினானாம். சில வருஷம் கழித்து ராஸ் அதை எங்களுக்கே விற்றான். ஆக, அது டாரலே பார்த்துப் பாஸ் போட்ட வண்டி, எங்கள் குடும்பத்தைத் தாண்டிப் போகாத வண்டி. மற்ற எந்த வண்டியையும் அவன் நம்பமாட்டான். "இந்த ஊர்ல அடிபடாத வண்டி ஒண்ணு இருக்குன்னா அது இதுதான்" என்பான், யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும். அச்சு எடுக்கும்போது ராஸும் கூடவே நின்றான், டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு.

டாரல் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தான். காலையில் எனக்கு முன்னால் எழுந்து டீ போட்டுவைத்தான். மூன்று முறை பற்றவைத்து மூன்று முறை வெட்டி எறிந்து, கடைசியில் ஒரு கம்பி செய்து எங்கள் வண்டியில் வைத்தான். சொன்னபடியே சொத்தென்று உட்கார்ந்தது. அந்தப் படத்தை ராஸ் இணையத்தில் கார்க்காரர்களின் குழுவில் போட்டான், 'நீளத் துளை கிடையாது, தபால் பெட்டி வாய் கிடையாது' என்று எழுதி. ஆட்கள் கேட்டு எழுதினார்கள். தொழிற்சாலையில் இடுக்கு பார்த்த டாரலா செய்கிறான் என்று விசாரித்தார்கள். ஆமாம் என்றதும் அதற்குமேல் ஒரு கேள்வி வரவில்லை. நம்பிக்கை வைக்கக் கூடாது, வைத்தால் வயிற்றில் அடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் இல்லத்தில் துணி மடிக்கும்போது பாட்டு வந்துவிடும்.

முதல் தொகுதி கருப்புப் பூச்சு அடித்து வந்ததும் மாட்டும் நாள் வைத்தார்கள். இங்கே அது ஒரு வழக்கம். வாங்குகிறவர்கள் வண்டியோடு வருவார்கள், செய்தவனே எல்லோர் முன்னாலும் மாட்டிக் கொடுப்பான், அடுப்பில் சாசேஜும் வெங்காயமும் வதங்கும், ஆளுக்கு ஒன்று ரொட்டியில் சுருட்டிச் சாப்பிட்டுவிட்டு ஒருவன் வண்டியை ஒருவன் கேலி செய்வார்கள். சனிக்கிழமை காலையிலேயே, பாலைவனத்துப் பக்கமிருந்து வரும் வடகாற்று சுட ஆரம்பித்துவிட்டது. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் வண்டிகள். ராஸ் ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றான்.

"சாசேஜ கருக்கிடாதடா, போன தடவை கரியத்தான் தின்னோம்" என்று கத்தினாள் டெனீஸ். அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். கத்தரிக்காய் நிறத்தில் ஒரு யூட் வைத்திருக்கிறாள், முன்னால் கார், பின்னால் சரக்குத் தட்டு.

"கரி உடம்புக்கு நல்லது. உன் வண்டி நிறத்தப் பாத்து வர்ற வாந்திய நிறுத்தும்" என்றான் ராஸ்.

முதலில் ஸ்டாவ்ரோஸின் வண்டி. மீன் கடை வைத்திருப்பவன், அமைதியானவன். அவனுடைய அப்பா வாங்கிய வண்டி, அவர் போனபிறகு இவன் வைத்திருக்கிறான். மழை தூறினாலே வெளியே எடுக்க மாட்டான். பானெட்டுக்குள் சாப்பாடு வைத்துச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம்.

டாரல் துவைத்த சட்டை போட்டிருந்தான். கம்பியை இரண்டு கையால் ஏந்தி, இடப்பக்க போல்ட்டுகளில் இறக்கினான். வலப்பக்கம் இறங்கவில்லை. தூக்கி வலப்பக்கத்தை முதலில் வைத்தான். இடப்பக்கம் இறங்கவில்லை. துளையின் விளிம்பு போல்ட்டின் தலையில் ஏறி உட்கார்ந்தது. ஒரு தீக்குச்சி கனம்கூட இருக்காது வித்தியாசம். ஆனால் வட்டத் துளையில் தீக்குச்சி கனம் என்பது ஒரு மைல்.

டாரல் நிமிர்ந்தான். இடுக்குகளைப் பார்த்தான். கட்டைவிரலை பானெட் ஓரத்தில் ஓட்டினான். எல்லோரும் வாயில் ரொட்டியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்டாவ், இது எப்ப அடிபட்டுச்சு?" என்றான்.

"என்னது?"

"முன்பக்கம் அடி வாங்கியிருக்கு. நல்லாத்தான் சரி பண்ணியிருக்காங்க."

இதை வெளி ஆட்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். இவர்களிடம் போய் உன் மனைவி ஓடிப்போய்விட்டாளாமே என்று கேட்கலாம், சிரித்துக்கொண்டு பதில் சொல்வார்கள். உன் வண்டி அடிபட்டது என்று நாலு பேர் நடுவில் சொல்லக் கூடாது. ஸ்டாவ்ரோஸின் முகம் சிவந்தது.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கும் வாரநாள்ல கடைக்கும் தவிர வேற எங்கயும் போகாத வண்டி இது. எங்கப்பா கையால தொடச்ச வண்டி. அடிபட்டதுங்கிற, வாய் கூசலயா உனக்கு?"

"உங்கப்பா உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டாரு. பெரியவங்க அப்படித்தான். நான் கோபப்படலயே, உள்ளதச் சொல்றேன்."

"செத்தவரப் பொய்க்காரன்ங்கிற."

"வண்டி பொய் சொல்லாது ஸ்டாவ்."

நான் போய் டாரலின் முழங்கையைப் பிடித்தேன். விலக்கிவிட்டான். ஸ்டாவ்ரோஸ் பானெட்டை மூடினான், அந்தக் கோபத்திலும் மெதுவாகத்தான் மூடினான். ஆனால் போகவில்லை. வண்டிமேல் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு, "அடுத்த வண்டி வைப்பா, பாக்கலாம்" என்றான்.

அடுத்தது டெனீஸின் யூட். இறங்கவில்லை, அதே தீக்குச்சி கனம். "ஏய், என் வண்டியும் அடிபட்டதுதானா?" என்று சிரித்தாள். டாரல் சிரிக்கவில்லை. அடுத்தது ஒரு வெள்ளை செடான். அதற்கடுத்து இன்னொன்று. கம்பியை மாற்றிப் பார்த்தான், எல்லாக் கம்பியும் ஒரே அச்சில் பிறந்தவை, ஒன்றுபோலவே மறுத்தன. வெங்காயம் கருகும் வாசனை வந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. என்னென்னவோ கேலி பேசுகிற கூட்டம், அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஸ்டாவ்ரோஸ்தான் கேட்டான், குரலைத் தாழ்த்தி: "உன்னோடத ஒரு தடவை திற டாரல்."

எங்கள் வண்டியில் கம்பி சொத்தென்று உட்கார்ந்தது. நட்டுகள் விரலாலேயே ஏறின.

டாரல் அதைப் பார்த்தபடி நின்றான். பிறகு தலையைத் திருப்பி அடுப்பைப் பார்த்தான். ராஸ் இடுக்கியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். சாசேஜெல்லாம் கரிக்கட்டை. என் தம்பியை எனக்குத் தெரியும். திருட்டுத்தனம் செய்தால் சிறுவயதிலிருந்தே இப்படித்தான் நிற்பான்.

"ராஸ்" என்றேன் நான். "சொல்லித் தொலை."

"சின்ன அடிதான் லின், உங்களுக்கு விக்கறதுக்கு முன்னால. ரோட்டோரக் கரண்டுக் கம்பத்துல. கொஞ்சம் குடிச்சிருந்தேன், ராத்திரி, ரோடு ஈரம், கம்பம் குறுக்க வந்துடுச்சு."

"கம்பம் வந்துச்சா?"

"இடது சக்கரம் மட்டும்தான் போய் மோதுச்சு. வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் போயிருக்கும், வேலை போயிருக்கும். மீன் பிடிக்கப் போறேன்னு சொல்லிட்டு ஒரு ஆள்கிட்ட விட்டு இழுத்து நிமித்துனேன். நல்ல கைக்காரன். முழுசா நேராயிடுச்சுன்னு நெனச்சேன், சத்தியமா. இவன் அச்சு எடுக்கறப்ப சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. இவன் முகத்துல அவ்ளோ சந்தோஷம்."

பிறகு அவன் டாரலிடம் திரும்பினான். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தான். அந்த முட்டாளுக்கு அவ்வளவுதான் அறிவு.

"நீயே பாத்து வாங்குன மச்சான். தெனம் தொடச்ச. உன் கண்ணுக்கே தெரியலன்னா, அத நேரான வண்டின்னுதானே நான் நெனப்பேன்?"

டாரல் அவனை அடித்திருக்கலாம். அடிப்பான் என்றுதான் இருந்தேன், நடுவில் புகுவதாகவும் இல்லை. அவன் ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு பியரை எடுத்து ராஸின் கையில் கொடுத்தான். "வெயில் ஜாஸ்தி, குடி" என்றான். அப்புறம் ஸ்டாவ்ரோஸிடம் போனான்.

"உங்கப்பாவப் பத்தி அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடு."

"விடுப்பா. அவரு எவ்வளவோ பொய் சொல்லியிருக்காரு, வண்டி விஷயத்துலதான் இல்ல" என்றான் ஸ்டாவ்ரோஸ். யாரோ லேசாகச் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள், அதைச் சொல்ல வேண்டும். அவசரமில்லை, அச்சைத் திருத்தி மெதுவாகச் செய்யுங்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். துளையைக் கொஞ்சம் ராவி நீளமாக்கிவிட்டால் இப்பவே மாட்டிக்கொள்கிறேன் என்று டெனீஸ் சொன்னாள். அவளுக்கு நல்ல எண்ணம்தான். டாரல் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

அன்று ராத்திரி பாத்திரமெல்லாம் அவனே கழுவினான். அவன் ஏதாவது பேசட்டும் என்று காத்திருந்தேன். "தூங்கு லின், காலையில வேலை இருக்குல்ல" என்றான்.

ஞாயிற்றுக்கிழமையும் திங்கட்கிழமையும் எழுந்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் ஒரு வண்டிச் சத்தம். ஸ்டாவ்ரோஸ் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்னோடத அளந்துக்கோ. இது அடிபடாததுதான். புது அச்சு இதுலேருந்து எடு" என்றான். சர்ச்சுக்கும் கடைக்கும் தவிர வேறெங்கும் போகாத அந்த வண்டியை எங்களுக்காக அவ்வளவு தூரம் ஓட்டி வந்திருந்தான். ராஸுக்கு நான்தான் போன் செய்தேன். அவனும் வந்து சேர்ந்தான், தலை குனிந்தபடி. உள்ளே போய் டாரலிடம் சொன்னேன். கெஞ்சவில்லை, கத்தினேன். "அந்த மனுஷன் அப்பாவத் திட்டுன நீ. அவன் வந்து வாசல்ல நிக்கிறான். எழுந்திரு."

எழுந்தான். சவரம் செய்யாத முகத்தோடு, செருப்பில்லாமல் வெளியே வந்தான். இரும்பு டேப்பை வாங்கி ஒரு முனையை ராஸிடம் கொடுத்தான். இந்த மேட்டு போல்ட்டிலிருந்து அந்த மேட்டு போல்ட்டுக்கு இழுத்துப் பிடித்தார்கள். குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். எனக்கு உயிர் வந்ததுபோல இருந்தது.

"லின், இங்க வா" என்றான். "எவ்வளவுன்னு படி."

அவன் என்னிடம் ஒருநாளும் அளவு கேட்டதில்லை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துச் சொன்னேன்.

"நீ பாரு ஸ்டாவ்."

ஸ்டாவ்ரோஸ் குனிந்து பார்த்து அதையே சொன்னான்.

"நிச்சயமா?"

"நிச்சயம்தான் டாரல்."

"இன்னொரு தடவை பாரு."

ஸ்டாவ்ரோஸ் இன்னொரு தடவை பார்த்தான். அதே அளவைச் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். டாரல் டேப்பைச் சுருளவிட்டான். பானெட்டின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்தான், ஓட்டவில்லை, வைத்தபடியே நின்றான்.

"எனக்கும் அதுதான் தெரியுது" என்றான். "சரியாத்தான் தெரியுது. நம்ம வண்டியிலயும் எனக்குச் சரியாத்தானே தெரிஞ்சுது."

"இன்னும் நாலஞ்சு வண்டி கொண்டாரேன் மச்சான்" என்றான் ராஸ் அவசரமாக. "எல்லாத்தையும் அளந்து பாத்து, ஒத்துப்போறத எடுத்துக்கலாம். அவ்வளவுதானே? டெனீஸ் வரேன்னிருக்கா. வெள்ள வண்டிக்காரன் வரேன்னிருக்கான்."

"கொண்டாந்தா?"

"கொண்டாந்தா அளக்கலாம்."

"யாரு?" என்றான் டாரல்.

குரலில் கோபம் இல்லை. ஸ்டாவ்ரோஸுக்கு நன்றி சொன்னான், கைகொடுத்தான். டேப்பை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனான். கட்டில் கிரீச்சிடும் சத்தம் வாசல்வரை கேட்டது. ராஸ் என்னைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்வேன் என்று. ஐந்து வருஷமாக என்னவெல்லாமோ சொல்லி எழுப்பிப் பார்த்திருக்கிறேன்: உனக்கு என்ன குறை, உன் கை என்ன கை, உன் கண் என்ன கண் என்று. இனிமேல் அதைச் சொல்ல முடியாது. "வீட்டுக்குப் போ ராஸ்" என்றேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.